திருவையாற்றுப் பந்தலும் ஒரு விடுதலைப் பத்திரமும்

தியாகராஜ ஆராதனைக்கு இந்த முறையும் திருவையாறு போயிருந்தேன். சங்கீத ஞானம் இருக்குன்னு நினைச்சுடாதீங்க. தஞ்சாவூர்லேர்ந்து பஸ்ல அரை மணி நேரம், சின்ன வயசுலேர்ந்து போற பழக்கம், அவ்வளவுதான். இந்தத் தடவை சித்தப்பாவும் அவர் பொண்ணும் கூட வந்தாங்க. பஞ்சரத்னம் பாடும்போது சமாதிக்கு முன்னாடி வித்வான்கள் ஒரு பக்கமும் விதூஷிகள் எதிர்ப்பக்கமுமாக உட்கார்ந்து ஒரே குரலாகப் பாடுவதை டிவியில் பார்த்திருப்பீங்க. நேரில் பார்த்தால் கூட்டத்தில் முதுகுதான் தெரியும். ஆனா காது நிறைஞ்சுடும்.

முடிஞ்சதும் காவிரிப் படித்துறையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைப் பிரித்தோம். சித்தப்பா ஆரம்பிச்சார்.

"பாட்டுல பொம்பளைங்க முன்னாடி வந்துட்டாங்கடா தம்பி. ஒத்துக்கறேன். ஆனா போட்டின்னு வந்தா ஒதுங்கிடறாங்க. இவளையே பாரேன். பேங்க்ல சேர்ந்து பன்னெண்டு வருஷம். இவ கூட சேர்ந்த பையன் இன்னைக்கு மேனேஜர். இவ ஒரு தடவைகூட ப்ரமோஷன் பரீட்சை எழுதலை. படிப்புல அவனைவிட இவதான் கெட்டி. என்ன பண்றது, பொம்பளைங்க சுபாவமே அப்படி."

தங்கச்சி ஒண்ணும் சொல்லலை. இலையை மடிச்சு எடுத்துட்டு எழுந்து போயிட்டா.

எனக்கு அந்த 'சுபாவம்' என்ற வார்த்தை உறுத்திக்கிட்டே இருந்தது. காரணம், நாங்க உட்கார்ந்திருந்த இடம். அந்த இடத்தின் கதை தெரிஞ்சவங்க யாரும் அந்த வார்த்தையை அங்கே உட்கார்ந்து சொல்ல மாட்டாங்க. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

முதல்ல சித்தப்பா பக்கம் இருக்கிற நியாயத்தைச் சொல்லிடறேன். அவர் சொன்னது வெறும் திண்ணைப் பேச்சு இல்லை. மியூரியல் நீடர்லே, லீஸ் வெஸ்டர்லுண்ட் என்று இரண்டு பொருளாதாரப் பேராசிரியைகள் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தி 2007-ல் வெளியிட்டார்கள். இரண்டு ஆண், இரண்டு பெண் என்று நாலு பேர் கொண்ட குழுக்கள். ஐந்து ஈரிலக்க எண்களைக் கூட்டி விடை சொல்லணும். ஐந்து நிமிஷத்தில் எத்தனை கணக்கு முடியுதோ அத்தனை. முதலில் ஒரு கணக்குக்கு அரை டாலர் என்று கூலி. அடுத்து பந்தயம். நாலு பேரில் அதிகம் போட்டவருக்கு ஒரு கணக்குக்கு இரண்டு டாலர், மற்ற மூன்று பேருக்கும் ஒண்ணும் கிடையாது. மூணாவது சுற்றில் கூலியா பந்தயமா என்று அவங்கவங்களே தேர்ந்தெடுக்கலாம்.

கணக்குப் போடும் திறமையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசமே இல்லை. ஆனால் ஆண்களில் 73 சதவீதம் பேர் பந்தயத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், பெண்களில் 35 சதவீதம் பேர்தான். இதில் கவனிக்க வேண்டியது, நஷ்டம் இரண்டு பக்கமும் உண்டு என்பது. நன்றாகக் கணக்குப் போடும் பெண்கள் பந்தயத்துக்கு வராமல் வரவேண்டிய பணத்தை விட்டார்கள். சுமாராகப் போடும் ஆண்கள் தைரியமாக இறங்கித் தோற்றார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பே இரண்டு கேள்வி. பெண்கள் போட்டிக்கு ஒதுங்குகிறார்களா, ஆண்கள் அளவுக்கு மீறிப் போட்டி போடுகிறார்களா? நம்மாட்கள் முதல் கேள்வியை மட்டும் கேட்டுட்டு போயிடறாங்க :-)

இது ஏதோ ஆய்வுக்கூட விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. 2014-ல் நெதர்லாந்தில் பள்ளி மாணவர்களை வைத்து இதே மாதிரி செய்து பார்த்தார்கள். கணக்கும் அறிவியலும் அதிகமுள்ள பாடப்பிரிவை ஆண் பிள்ளைகள் கூடுதலாக எடுக்கிறார்கள் இல்லையா, அந்த வித்தியாசத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை இந்தப் போட்டி மனப்பான்மையை வைத்தே விளக்க முடிந்தது. பாடப்பிரிவு வேலையை முடிவு செய்கிறது, வேலை சம்பளத்தை முடிவு செய்கிறது. ஆக, ஒதுங்குவதற்கு விலை இருக்கு. சித்தப்பா சொன்ன அந்த மேனேஜர் பையனுக்கும் தங்கச்சிக்கும் நடுவே இருக்கிற சம்பள வித்தியாசம் மாதிரி.

சரி, ஒதுங்கறாங்க. அது சுபாவமா என்பதுதான் கேள்வி.

இதற்குப் பதில் தேடி மூன்று பேர் மேகாலயா வந்தார்கள். யூரி நீசி, கென்னத் லெனார்ட், ஜான் லிஸ்ட். அங்கே காசி என்று ஒரு இனம் (நம்ம காசி விஸ்வநாதர் இல்லை, ஷில்லாங் பக்கத்துப் பழங்குடி). அவர்களிடம் சொத்து தாய் வழியில் போகும். குடும்பச் சொத்து கடைசிப் பெண்ணுக்கு. கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். இதற்கு நேர் எதிராக, ஆண் கையே ஓங்கியிருக்கும் டான்சானியா நாட்டு மாசாய் இனத்தையும் எடுத்துக்கொண்டார்கள். சோதனை ரொம்ப எளிது. மூணு மீட்டர் தள்ளி ஒரு வாளி. டென்னிஸ் பந்தை அதில் எறியணும். பத்து வாய்ப்பு. விழுந்த பந்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கலாம். இல்லை, முகம் தெரியாத ஒருத்தரோடு பந்தயம் கட்டி, அவரை ஜெயித்தால் பந்துக்கு மூணு பங்கு வாங்கிக்கலாம்.

மாசாய் ஆண்களில் 50 சதவீதம் பேர் பந்தயம் கேட்டார்கள், பெண்களில் 26 சதவீதம். அமெரிக்கக் கதையேதான். காசி இனத்தில்? பெண்களில் 54 சதவீதம், ஆண்களில் 39. தலைகீழ்! இந்தக் கட்டுரை 2009-ல் 'எகனாமெட்ரிக்கா' இதழில் வந்தது.

அதற்கப்புறம் 2013-ல் இன்னொன்று. அதே வடகிழக்கில் காசி பிள்ளைகளையும், தந்தை வழிச் சமூகத்துப் பிள்ளைகளையும் வைத்துப் பார்த்தார்கள். காசி பிள்ளைகளிடம் எந்த வயதிலும் ஆண்-பெண் வித்தியாசம் இல்லை. தந்தை வழிச் சமூகத்திலும் சின்ன வயதில் இல்லை. பெண் பிள்ளை வயசுக்கு வருகிற பருவத்தில்தான் இடைவெளி வருகிறது. அதைப் படிச்சப்போ எனக்கு எங்க தெருதான் ஞாபகம் வந்தது. பாண்டி ஆட்டத்தில் எங்களையெல்லாம் ஓட ஓட விரட்டின பொண்ணுங்க ஒரு நாள் திடீர்னு திண்ணையிலேர்ந்து உள்ளே போயிட்டாங்க. அப்புறம் அவங்க 'அடக்கமான பொண்ணு' ஆயிட்டாங்க. பிறக்கும்போதே கூட வந்த சுபாவம்னா பன்னெண்டு, பதிமூணு வயசு வரைக்கும் எங்கே ஒளிஞ்சிருந்தது?

காசிக்கும் மாசாய்க்கும் நூறு வித்தியாசம் இருக்கும், சொத்து ஒண்ணுதான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் இதே மாதிரி ஒரு சோதனை, யாரும் நடத்தாமலே, நம்ம காவிரிக் கரையில் பல நூறு வருஷம் நடந்திருக்கு. ஒரே ஊர், ஒரே தண்ணி, ஒரே நெல்லு. இரண்டு விதமான வீடுகள். ஒன்றில் சொத்து ஆண் வழி. இன்னொன்றில் பெண் வழி.

பெரிய கோயில் கல்வெட்டைப் பார்த்திருக்கீங்களா? ராஜராஜன் தன் 29-ஆம் ஆட்சியாண்டு வரைக்கும் செய்த ஏற்பாட்டைச் சொல்லும் நீளமான கல்வெட்டு அது. சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்தும் 400 பெண்களைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தியிருக்கிறான். தளிச்சேரிப் பெண்டுகள் என்று பெயர். ஒவ்வொருத்தருக்கும் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்று வரிசையாக வெட்டி வைத்திருக்கிறான். திருவையாற்றிலிருந்து போனவர்களும் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய நானூறு பெண்களின் வீட்டு விலாசம்! ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் வருஷத்துக்கு 100 கலம் நெல். (நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. அப்பவேயும் அப்படித்தான்.) ஒருத்தர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அவருக்கு அடுத்த முறையுள்ள உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்த வேலையைச் செய்யணும். அந்த உறவினருக்குத் தகுதி இல்லாவிட்டால் தகுதியுள்ள வேறு ஒருவரைத் தேர்ந்தெடுக்கணும் என்றும் எழுதியிருக்கு. உரிமை இருக்கு, ஆனால் திறமையும் வேணும்.

பின்னாட்களில் தேவதாசிக் குடும்பங்கள் என்று நாம் அறிகிற வீடுகளில் இந்தப் பெண் வழி உரிமை தொடர்ந்தது. மானிய நிலம், வீடு, நகை பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்கு. மகள் இல்லாவிட்டால் ஒரு பெண் குழந்தையைத் தத்து எடுத்துக்கொள்ளலாம். மற்ற இந்துப் பெண்களுக்கு இல்லாத இந்த வழக்கத்தை வெள்ளைக்காரன் காலத்து மதராஸ் உயர்நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. அந்த வீடுகளில் பெண் பிறந்தால்தான் கொண்டாட்டம். ஐந்து வயதில் பாட்டும் ஆட்டமும் ஆரம்பம். படிக்கவும் எழுதவும் தெரியும். நாயக்கர் காலத்திலும் மராட்டியர் காலத்திலும் தஞ்சை அரசவையில் புகழ் பெற்ற பெண் கவிகள் இருந்தார்கள். பிரதாபசிம்மன் (1739 - 1763) அவையில் இருந்த முத்துப்பழனி 'ராதிகா சாந்த்வனமு' என்று தெலுங்கில் ஒரு காவியமே எழுதினார். அரசவை என்றால் சும்மாவா? அங்கே நிற்பதே போட்டிதான்.

1855-ல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கும்பெனி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. அரண்மனைப் படி நின்றுபோனது. கலைஞர்கள் மூட்டை கட்டி மதராசுக்கு நகர ஆரம்பித்தார்கள். பங்கு, மானியம் என்று இருந்த பிழைப்பு போய், சபா, கச்சேரி, டிக்கெட் என்று சந்தை வந்தது. நிலையான நெல்லிலிருந்து போட்டிக்கு, அந்தக் கணக்குச் சோதனையின் மூணாவது சுற்று மாதிரி!

யார் இறங்கினார்கள் தெரியுமா? 1900-களின் தொடக்கத்தில் கிராமபோன் வந்தபோது பெரிய வித்வான்கள் பலர் தயங்கினார்கள். குரல் போயிடும், ஆயுசு குறையும், கண்ட இடத்தில் கண்டவன் கேட்பான், இப்படி ஆளுக்கொரு காரணம். துணிந்து அந்தக் குழாய் முன்னால் உட்கார்ந்தவர்களில் பெண்கள் நிறைய. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள். தென்னாட்டின் ஆரம்ப கால இசைத்தட்டு வியாபாரம் பெருமளவு இவர்கள் குரலில் ஓடியது. அங்கே ஒதுங்கினது ஆண்கள். அதை யாரும் 'ஆம்பளைங்க சுபாவம்' என்று எழுதி வைக்கவில்லை.

இதே நேரத்தில், அதே தஞ்சை ஜில்லாவில், மற்ற வீட்டுப் பெண்கள்? பாட்டு கற்றுக்கொள்வார்கள். பெண் பார்க்க வரும்போது ஒரு பாட்டு, கொலுவுக்கு ஒரு பாட்டு. மேடை கிடையாது. குரல் இல்லாமலா? காவிரித் தண்ணி குடிக்கிற எல்லா வீட்டிலும் குரல் இருந்தது. கைக்காசும் இல்லை, கதவும் திறக்கவில்லை.

இப்போ நாகரத்தினம்மாள் கதைக்கு வருவோம். நாங்க புளிசாதம் சாப்பிட்ட இடத்தின் கதை.

1878-ல் மைசூர்ப் பக்கம் நஞ்சன்கூட்டில் பிறந்தவர். தாய் புட்டுலட்சுமி தேவதாசி மரபு. சின்ன வயதிலேயே தாயை இழந்து, மைசூர், பெங்களூர் என்று இருந்து, மதராசுக்கு வந்து கச்சேரியில் கொடி நாட்டினார். மதராசில் வருமான வரி கட்டிய முதல் பெண் கலைஞர் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. 1910-ல், முத்துப்பழனியின் அந்தக் காவியத்தைத் தேடிப் பிடித்து, வெட்டுப்படாத முழுப் பதிப்பாகக் கொண்டுவந்தார். ஒரு பெண், அதுவும் ஒரு தாசி, சிருங்காரம் எழுதலாமா என்று பெரிய பெரிய பண்டிதர்கள் குதித்தார்கள். ஆண் கவிகள் எழுதாத சிருங்காரமா என்று இவர் திருப்பிக் கேட்டார். அரசாங்கம் புத்தகத்தைத் தடை செய்தது. சுதந்திரத்தை ஒட்டித்தான் தடை விலகியது. சண்டைக்கு அஞ்சாத ஆள் என்பதற்காகச் சொல்றேன்.

தியாகராஜர் 1847-ல் சமாதியானார். நாகரத்தினம்மாள் காலத்தில் அந்தச் சமாதி சீர்கெட்டுக் கிடந்தது. அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பா அதைப் பற்றி எழுத, இவர் மனம் பொறுக்காமல் திருவையாறு வந்தார். தன் சம்பாத்தியத்தைக் கொட்டி சமாதியைச் சுற்றியிருந்த இடத்தைச் சீராக்கி, 1921-ல் அடிக்கல் போட்டு, கோயிலாக எழுப்பி, தியாகராஜர் விக்கிரகம் வைத்து, பூஜைக்கு ஏற்பாடு செய்தார். இன்றைக்கு நாம் பார்க்கிற சமாதிக் கோயில் அது.

ஆராதனையை அப்போது நடத்திக்கொண்டிருந்தவர்கள் இரண்டு கோஷ்டி. பெரிய கட்சி, சின்ன கட்சி. அவர்களுக்குள் தீராத சண்டை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை: பெண்கள் பாடக் கூடாது. கட்டினவர் காசு ஆகும், அவர் குரல் ஆகாது! நாதஸ்வரக் கலைஞர்களுக்கும் அன்று சம இடம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லணும். கதவை மூடினவர்கள் ஒரு ஜாதிக்கும் ஒரு பாலுக்கும் சேர்த்துத்தான் மூடினார்கள்.

நாகரத்தினம்மாள் என்ன செய்தார்? அழுதுவிட்டு மதராசுக்குத் திரும்பவில்லை. 1927-ல் சமாதியின் பின்பக்கத்தில் தனியாக ஒரு ஆராதனையைத் தொடங்கிவிட்டார். தேவதாசிப் பெண்கள் பல ஊரிலிருந்து வந்து பாடினார்கள். ஊரே அதற்கு 'பெண்கள் கட்சி' என்று பெயர் வைத்தது. முன்பக்கம் பெரிய கட்சி, சின்ன கட்சி. பின்பக்கம் பெண்கள் கட்சி. ஒரு சமாதிக்கு மூணு ஆராதனை. இது ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, பத்து வருஷத்துக்கு மேலே நடந்தது. கடைசியில் 1940-ல் மூன்று கட்சிகளும் ஒன்றாக ஆக்கப்பட்டன. நாம் பார்க்கிற, எல்லோரும் சேர்ந்து பஞ்சரத்னம் பாடும் ஆராதனை அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்ததுதான். அன்று காலையில் எங்கள் காதை நிறைத்த அந்தப் பெண் குரல்கள், கேட்டு வாங்கின இடத்தில் உட்கார்ந்து பாடின குரல்கள்.

அவர் கடைசி வரை திருவையாற்றிலேயே இருந்தார். 1952-ல் காலமானார். தன் சொத்தை ஆராதனைக்கே எழுதி வைத்தார். அதில் போட்ட நிபந்தனை, பெண்கள் பங்கெடுப்பதைத் தடுக்கக் கூடாது என்பது. அவர் சமாதி தியாகராஜர் சமாதிக்குப் பக்கத்திலேயே இருக்கு. அவரைப் பார்த்தபடி கை கூப்பி உட்கார்ந்திருக்கும் சிலை. கூட்டத்தில் பாதிப் பேர் அது யாரென்று தெரியாமலே கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிடணும். தேவதாசி முறை பெண்களுக்குப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பொட்டுக் கட்டப்பட்ட குழந்தையை யாரும் சம்மதம் கேட்கவில்லை. அந்த நிலத்துக்கும் நகைக்கும் பின்னால் மிராசுதார்களின் கை இருந்தது. அதன் கொடுமையை உள்ளேயிருந்து பார்த்து வெளியே வந்து போராடியவரும் நம்ம டெல்டாக்காரர்தான், மாயவரம் பக்கத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். அவர் 1936-ல் எழுதிய 'தாசிகள் மோசவலை' நாவலைப் படித்தவர்கள் யாரும் அந்த முறைக்குக் கொடி பிடிக்க மாட்டார்கள். 1947-ல் பொட்டுக் கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் வந்தது சரிதான்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டுப் பெண்ணுக்குப் போட்டி பயமில்லாமல் இருந்ததற்குக் காரணம் ரத்தம் இல்லை. தோற்றால் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. அது அவள் பெயரில் இருந்தது. ஜெயித்தால் வருகிற காசு அவள் கையில் தங்கியது. பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு இந்த மூன்றுமே இல்லை. அந்தப் பெண் ஒதுங்கினதைச் சுபாவம் என்கிறோம். எனக்கென்னவோ அது சரியான கணக்கு என்று தோணுது. தோற்றால் எல்லாமே போகும், ஜெயித்தால் அடுத்தவன் கைக்குப் போகும் என்றால் யார்தான் பந்தயம் கட்டுவார்கள்?

கதவு கொஞ்சம் திறந்ததும் என்ன நடந்தது என்பதையும் பாருங்க. 1930-களில் டி.கே. பட்டம்மாள் போன்றவர்கள் குடும்பக் கட்டுகளைத் தாண்டி மேடைக்கு வந்தார்கள். ராகம் தானம் பல்லவி ஆண்கள் சமாச்சாரம் என்று இருந்ததை அவர் பாடியே உடைத்தார். அப்படியும் பெண்ணுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க மாட்டேன் என்ற பெரிய வித்வான்கள் ரொம்ப நாள் இருந்தார்கள். மியூசிக் அகாடமி 1942-லிருந்து 'சங்கீத கலாநிதி' பட்டம் கொடுக்கிறது. முதல் பெண்மணிக்கு அது கிடைத்தது 1968-ல், எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு. 26 வருஷம்! 1970-ல் பட்டம்மாள், 1973-ல் பாலசரஸ்வதி. அந்த 26 வருஷமும் திறமை இல்லாமலா இருந்தது?

பாட்டை விட்டு வயலுக்கு வாங்க. எங்க பக்கம் நாத்துப்பறி ஆண் வேலை, நடவு பெண் வேலை. நடவில் பெண்கள் வரிசையாக நின்று குனிந்து பின்னால் நகர்ந்துகொண்டே போவார்கள். கை வேகமுள்ளவளும் வரிசையோடுதான் போகணும். நாள் முடிவில் எல்லோருக்கும் ஒரே கூலி. ஆண்கள் செய்யும் மூட்டை தூக்குவதைப் பாருங்க. கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கணக்கு. வேகமானவன் அதிகம் சம்பாதிக்கலாம், ரேட் பேசலாம். ஒரு வேலை போட்டிக்கு இடம் வைத்து அமைக்கப்பட்டது, இன்னொன்று இடமே இல்லாமல். அப்புறம் இருபது வருஷம் கழித்துப் பார்த்து, பொம்பளைங்களுக்குப் போட்டி போடத் தெரியலை என்கிறோம். நடவு மெஷின் வந்தப்போ அதை வாங்கினது யார், ஓட்டினது யார்? எங்க ஊரில் ஒரு பெண்கூட இல்லை. மெஷின் வாங்க பேங்க் கடன் வேணும். கடனுக்குப் பட்டா வேணும். பட்டா யார் பேரில் இருக்கு?

இங்கேதான் எனக்கு எங்க வீடு ஞாபகம் வருது. எங்க தாத்தா இறந்தப்புறம் நிலத்தைப் பாகம் பிரிச்சப்போ அத்தை ஊரிலிருந்து வந்தாங்க. ரிஜிஸ்டர் ஆபீசில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து போட்டாங்க. எங்க அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் விட்டுக்கொடுத்தாங்க. ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தோம். அத்தை சந்தோஷமாத்தான் போனாங்க. அண்ணன் தம்பிகிட்ட போய் பாகம் கேட்பாங்களான்னு ஊரே மெச்சியது.

தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டத்தைத் திருத்தி, குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை கொடுத்தார்கள் (அதற்கு முன்னாடியே கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை). 2005-ல் நாடு முழுவதற்கும் அந்த உரிமை வந்தது. அப்பா 2005-ல் உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. ஆனா வீட்டுக்குள்ளே அந்த விடுதலைப் பத்திரம் இன்னும் தயாராகத்தான் இருக்கு. எழுதிக் கொடுத்தால் நல்ல பொண்ணு, கேட்டால் பேராசைக்காரி.

மேகாலயாவுக்கு யாராவது பந்து எடுத்துக்கொண்டு போகணுமா என்ன? எங்க அத்தை கையெழுத்தே போதும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சித்தப்பா தூங்கிட்டார். தங்கச்சி ஜன்னல் ஓரம். நான் மெதுவா கேட்டேன், "ஏம்மா பரீட்சை எழுதலை?"

"பரீட்சைக்கு என்ன பயம்ணா? பாஸ் பண்ணினா எந்த ஊருக்குப் போடுவாங்கன்னு தெரியாது. ராய்ப்பூரா, ராஞ்சியா. அந்தப் பையன் போனான். அவன் பொண்டாட்டி இங்கே அவங்க அப்பா அம்மாவையும் குழந்தையையும் பார்த்துக்கிட்டா. நான் போனா இங்கே யார் பார்த்துப்பா? வேண்டாம்னு பாதியில ஊருக்குத் திரும்பி வந்தா உட்கார எனக்குன்னு ஒரு இடம் இருக்கா? மாமியார் வீடு அவங்களோடது. அப்பா வீடு தம்பியோடதுன்னு இப்பவே பேச்சு."

கொஞ்ச நேரம் கழிச்சு அவளே சொன்னா, "அடுத்த தடவை எழுதலாமான்னு பார்க்கறேன். எழுதினா அப்பாகிட்ட நீதான் சொல்லணும்."

சொல்றேன்னு சொல்லியிருக்கேன். பரீட்சையைப் பத்தி மட்டும் இல்லை, தம்பியோட வீடுன்னு இப்பவே நடக்கிற அந்தப் பேச்சைப் பத்தியும் சேர்த்துத்தான் சொல்லணும். எங்க அப்பாவுக்கும் அந்தப் பத்திரத்தில் பாதி வந்தது. அதனால சித்தப்பாகிட்ட பேசறதுக்கு முன்னாடி அத்தை வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வரணும்னு இருக்கேன்.